990 லிட்டர்: ஓசூர் டீசல் தொட்டிகளின் கதை

ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் கூண்டு இருக்கும். அதை ஒட்டி, இரும்புக் கால்களின் மேல் ஒரு டீசல் தொட்டி நிற்கும். பக்கவாட்டில் அளவு காட்டும் குழாய், அடியில் ஒரு வால்வு, முகப்பில் சிவப்பு பெயின்டில் புகைபிடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. கொள்ளளவு எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 990 லிட்டர். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைக்குப் போனாலும் அதே எண்தான். பெரிய ஜெனரேட்டர்களின் கேட்டலாக்கைப் புரட்டினால் அங்கேயும் 'எரிபொருள் தொட்டி: 990 லிட்டர்' என்று அச்சாகியிருக்கும்.

ஏன் 990? முழுசா ஆயிரம் வைத்தால் என்ன? கேட்டுப் பார்த்தால் 'அதுதான் சைஸ்' என்கிற பதில்தான் வரும். செங்கல்லுக்கு ஒரு அளவு, கதவுக்கு ஒரு அளவு மாதிரி தொட்டிக்கும் ஒரு அளவு, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்த எண்ணுக்குப் பின்னால் 1934ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஓசூரில் தொழிற்சாலையும் கிடையாது, டீசல் ஜெனரேட்டரும் கிடையாது.

கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரணும்.

பெட்ரோலியத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 1899இல் வந்த சட்டம் அதில் முக்கியமானது. அதற்கு முந்தின வருஷம்தான் வெடிபொருள் ஆய்வாளர் அலுவலகம் தொடங்கியது. இன்று நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'பெசோ' என்ற பெயரில் இயங்குவது அதன் வாரிசு. அன்றைக்கு எண்ணெய் என்றால் மண்ணெண்ணெய். அது 4 கேலன் தகர டின்னில் வரும். உள்நாட்டு ஊர்களுக்கு டின்தான். பெரிய இரும்புத் தொட்டி என்பது துறைமுகத்தில் பார்க்கிற சமாச்சாரம்.

சென்னைத் துறைமுகத்துத் தொட்டிகளை நமக்கு வேறொரு பெயரில் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக்கு வெளியே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. முதல் குறி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன, ஊர் காலியானது, 'எம்டன்' என்ற சொல் தமிழில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கெட்டிக்காரனை எம்டன் என்கிறோம், ஆனால் அந்த எம்டன் சுட்டது எண்ணெய்த் தொட்டியை என்பது பலருக்கு நினைவில்லை. தரைக்கு மேலே நிற்கிற எண்ணெய்த் தொட்டி எவ்வளவு பெரிய இலக்கு என்பதற்கு நம் ஊரில் அதைவிடப் பழைய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இருபது வருஷம் கழித்து, 1934இல், இன்றும் நடைமுறையில் இருக்கும் பெட்ரோலியம் சட்டம் வந்தது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட அதே ஆண்டு. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்துத் தாலுகாக்கள்.

அந்தச் சட்டம் எண்ணெயை இரண்டாகப் பிரித்தது: அபாயகரமானது, அபாயமற்றது. பிரிக்கும் கோடு 76 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 24 டிகிரி செல்சியஸ் சொச்சம். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, அதிலிருந்து எழும் ஆவி எந்த வெப்பத்தில் ஒரு சின்னச் சுடருக்குக் குப்பென்று பற்றுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ஃப்ளாஷ் பாயின்ட் என்று பெயர். ஃபிரெடரிக் ஏபல் என்ற ஆங்கில வேதியியலாளர் இதற்கென்று ஒரு மூடிய கிண்ணக் கருவி செய்தார், இன்றும் ஏபல் கருவி என்றே சொல்கிறார்கள். பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் பற்றும், அதனால் அது அபாயகரம். மண்ணெண்ணெயும் டீசலும் கோட்டுக்கு மேலே, அதனால் சட்டத்தின் கண்ணில் 'அபாயமற்றவை'.

இந்த அபாயமற்ற எண்ணெய்க்குச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒரு சலுகை கொடுத்தது. ஒரே இடத்தில் மொத்தம் 500 கேலனுக்கு மிகாமல், எந்த ஒரு கலனும் 200 கேலனுக்கு மேல் பிடிக்காததாக இருந்தால், லைசென்ஸ் வேண்டாம். டின் கணக்கில் 500 கேலன் என்றால் 125 டின். ஒரு மொத்த மண்ணெண்ணெய் வியாபாரியின் கிடங்கு. சட்டம் எழுதியவர்கள் யாரை மனதில் வைத்தார்களோ, ஆனால் இந்த வரம்புக்குள் அடங்குகிற ஆள் அவர்தான். ஒவ்வொரு பலசரக்குக் கடையும் கலெக்டர் ஆபீசில் போய் நிற்க முடியாதில்லையா? நியாயமான சலுகைதான்.

1970இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கேலன் போய் லிட்டர் வந்தது. 'அபாயமற்ற' என்ற சொல்லே போய், ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள் வந்தன. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பற்றுவது ஏ: பெட்ரோல், நாஃப்தா. 23 முதல் 65 வரை பி: மண்ணெண்ணெய், டீசல். 65 முதல் 93 வரை சி: ஃபர்னஸ் ஆயில் மாதிரியானவை. மாற்றும்போது எண்களை மேல்பக்கமாக முழுமையாக்கினார்கள். 500 கேலன் என்பது 2,273 லிட்டர், அதை 2,500 ஆக்கினார்கள். 200 கேலன் என்பது 909 லிட்டர், அதை 1,000 ஆக்கினார்கள். புதிய வகுப்புகள் 1976ஆம் ஆண்டு விதிகளோடு நடைமுறைக்கு வந்தன. 2002இல் விதிகளை மறுபடியும் புதிதாக எழுதினார்கள், ஆனால் 7ஆம் பிரிவின் எண்கள் அசையவில்லை.

இப்போது 990 புரிந்திருக்கும். ஆயிரம் லிட்டர்வரை தொடலாம் என்கிறது சட்டம். தொட்டி அடிப்பவர் பத்து லிட்டர் உள்ளே தள்ளி நிற்கிறார். அளவெடுக்க வருகிறவர் வளைவில் ஒரு அங்குலம் கூட அளந்துவிட்டால்? அந்தப் பயத்தின் விலை பத்து லிட்டர்.

ஃபர்னஸ் ஆயிலிலும் இந்த மாதிரி ஒரு வேடிக்கை உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி அதன் ஃப்ளாஷ் பாயின்ட் குறைந்தது 66 டிகிரி இருக்க வேண்டும். சி வகுப்பு தொடங்குவது 65இல். ஒரே ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரியின் தயவில் பாய்லர் வைத்திருப்பவர், சேமிப்பு விதிகளின்படி வைத்திருக்கும்வரை, 45,000 லிட்டர்வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். கேலனில் கிட்டத்தட்ட 10,000.

புதிய விதிகள் வந்த அதே காலத்தில்தான் ஓசூர் மாறத் தொடங்கியது. சிப்காட் தொழிற்பேட்டை 1974இல் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை, அதே ஆண்டு டிவிஎஸ் மொபெட், அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் டைட்டன் கடிகாரம். பெங்களூர் 40 கிலோமீட்டர், சென்னை 300. சலுகையும் நிலமும் தமிழ்நாட்டுடையது, விமான நிலையமும் ஆட்களும் கர்நாடகத்திலிருந்து. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன.

பெரிய ஆலைக்குச் சட்டப்படி நடப்பது பழக்கம், அதற்கென்றே ஆள் உண்டு. 2,500 லிட்டரைத் தாண்டினால் என்ன செய்யணும் தெரியுமா? வரைபடம் போட்டு அனுமதி வாங்கணும். மாவட்ட நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று வாங்கணும். ஓசூர்க்காரர் அதற்கு 1965 வரை சேலம் போயிருப்பார், பிறகு தர்மபுரி, 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்த பிறகு கிருஷ்ணகிரி. அதற்குமேல் வெடிபொருள் துறையின் லைசென்ஸ். தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர், அதுவும் உள்ளே இருக்கும் தொட்டிகளில் பெரியது முழுசாக உடைந்து கொட்டினாலும் வெளியே போகாத அளவுக்கு. தனித்தனியாக இரண்டு எர்த். முதல்தடவை எண்ணெய் ஊற்றுவதற்கு முன் தண்ணீர் நிரப்பிச் சோதனை. வேலிக்கும் கட்டடத்துக்கும் இவ்வளவு மீட்டர் என்று அட்டவணை.

எல்லாம் நல்ல விதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு நெருப்பு இருக்கிறது. ஆனால் 30 பேர் வேலை செய்கிற லேத் பட்டறைக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டு என்ன செய்வார்? 990 லிட்டர் தொட்டி ஒன்று வாங்குவார். தேவைப்பட்டால் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து 1,980. மூலையில் இரண்டு 200 லிட்டர் பேரல். மொத்தம் 2,380. லைசென்ஸ் வேண்டாம். மூன்றாவது 990 வந்தால்தான் கோடு தாண்டும். அங்கேயும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: இன்ஜினோடு இணைந்த எரிபொருள் தொட்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. கார் டேங்கிற்கும் பம்ப்செட்டுக்கும் எழுதிய பிரிவு மாதிரித்தான் எனக்குப் படுகிறது. தனிக் கால்களில் நின்று குழாய் வழியாக ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொடுக்கும் தொட்டி 'இணைந்தது' ஆகுமா ஆகாதா? வக்கீல் பிழைப்புக்கு நல்ல கேள்வி.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்லணும். கோட்டுக்குள் நிற்பது குற்றமில்லை. என் சங்கடம் வேறு. கோட்டுக்குக் கீழே வந்ததும் லைசென்ஸ் மட்டும் போவதில்லை. அதோடு சேர்ந்து வரைபடம், தூர அட்டவணை, தண்ணீர்ச் சோதனை, வந்து பார்க்கும் ஆள் எல்லாமே போய்விடுகிறது. 2,600 லிட்டர் வைத்திருப்பவரைச் சுற்றி ஒரு கோட்டை, 2,400 லிட்டர் வைத்திருப்பவரைச் சுற்றி ஒன்றுமே இல்லை. 200 லிட்டரில் நெருப்பின் குணம் அவ்வளவு மாறுமா என்ன?

சின்னக் கிடங்குக்கு இது பொருத்தமாக இருந்திருக்கலாம். ஓசூரில் அந்தத் தொட்டிகளை நிரப்பியது வேறு இரண்டு அரசாங்க முடிவுகள். இரண்டுக்கும் பெட்ரோலியம் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்று கரண்ட். 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின் நுகர்வோருக்கு 40 சதவீத வெட்டு வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. 2015 நடுவில்தான் கட்டுப்பாடுகள் முழுசாக நீங்கின. இந்த ஏழு வருஷத்தில் ஜெனரேட்டர் என்பது அவசரத்துக்கு வைத்திருக்கும் சாமான் என்ற நிலை போய், அதுவே மின்நிலையம் ஆனது. 500 கேவிஏ ஜெனரேட்டர் முழு லோடில் ஓடினால் மணிக்குச் சுமார் 100 லிட்டர் டீசல் குடிக்கும். 990 லிட்டர் என்றால் பத்து மணி நேரம். ஒரு நாள் வெட்டுக்கு ஒரு தொட்டி. தினமும் நிரப்பணும். மண்ணெண்ணெய்க் கிடங்கில் டின் சும்மா உட்கார்ந்திருக்கும். இங்கே தினமும் ஊற்றல், தினமும் குழாய், தினமும் தரையில் கொஞ்சம் சிந்தல், பக்கத்திலேயே சூடான இன்ஜின். அளவு ஒன்றுதான், அபாயம் ஒன்றில்லை. சட்டம் அளவை மட்டும்தான் பார்க்கிறது.

இன்னொன்று விலை. 2013 ஜனவரியில் மத்திய அரசு டீசலுக்கு இரட்டை விலை கொண்டுவந்தது. எண்ணெய்க் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிச் சொந்தத் தொட்டியில் வைப்பவருக்குச் சந்தை விலை, பங்கில் போடுபவருக்கு மானிய விலை. லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் வித்தியாசம். தமிழ்நாட்டில் அரசு பஸ்களே டிப்போவை விட்டுவிட்டுத் தனியார் பங்கில் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கலாம். அரசாங்கமே அப்படிச் செய்யும்போது தொழிற்சாலை என்ன செய்யும்? லைசென்ஸ் வாங்கி, தடுப்புச் சுவர் கட்டி, சோதனை செய்து தொட்டி வைத்திருந்தவருக்குத் தண்டனை. பேரலை எடுத்துக்கொண்டு பங்குக்குப் போகிறவருக்குப் பரிசு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் இது ஓய்ந்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் போருக்குப் பிறகு, மொத்த விலையை லிட்டருக்கு 25 ரூபாய்போல ஏற்றியபோது அதே கூத்து மறுபடி நடந்தது.

ஒரு அமைச்சகம் ஒழுங்கான தொட்டி வேண்டும் என்று விதி எழுதுகிறது, இன்னொரு மேசையில் போடுகிற கையெழுத்து டீசலை அந்தத் தொட்டியிலிருந்து பேரலுக்கு மாற்றிவிடுகிறது. இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் இருப்பது பட்டறையில் பேரலை உருட்டுகிற ஆள்.

ஓசூருக்கு இதில் மூன்றாவதாக ஒரு சுழியும் உண்டு: எல்லை. 2022 மே மாத வரிக் குறைப்புக்குப் பிறகு டீசல் பெங்களூரில் 87.89 ரூபாய், சென்னையில் 94.24. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி பங்குக்குப் போனால் லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் மிச்சம். 7ஆம் பிரிவின் சலுகை சேமிப்புக்கு மட்டுமல்ல, எடுத்துச் செல்வதற்கும்தான். சின்ன லாரியில் பத்து பேரல், 2,000 லிட்டர், பெட்ரோலியம் சட்டத்தின் அந்தப் பிரிவைப் பொறுத்தவரை லைசென்ஸ் கேட்காத சரக்கு. (வரிக் கணக்கும் பங்க் விதிகளும் தனி.) 2024 ஜூனில் கர்நாடகம் விற்பனை வரியை ஏற்றி டீசலில் 3 ரூபாய் கூட்டியது, 2025 ஏப்ரலில் இன்னும் 2 ரூபாய். இடைவெளி சுருங்கிவிட்டது. பேரல் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் உருளும் என்பதை பெங்களூர் பட்ஜெட் தீர்மானிக்கிறது, நாக்பூர் அல்ல.

பெரிய தொட்டிகளுக்கு விதி இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் ஜெய்ப்பூரைச் சொல்வார்கள். 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுரா தொழிற்பேட்டையை ஒட்டிய இந்தியன் ஆயில் முனையத்தில் பெட்ரோல் தொட்டியின் வால்வு வேலையில் பிசகு நேர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் முனையத்துக்கு வெளியே இருந்தவர்கள். 11 நாள் எரிந்தது. தடுப்புச் சுவர் இருந்தது, ஆனால் அதன் வடிகால் வால்வு திறந்து கிடந்தது. உண்மைதான், விதி இருந்தும் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எம்.பி. லால் குழு உட்கார்ந்து ஒவ்வொரு வால்வையும் எழுதியது, நாடு முழுக்க முனையங்களில் மாற்றங்கள் வந்தன. சங்ககிரியிலோ தேவனகொந்தியிலோ நிற்கும் பெரிய வெள்ளைத் தொட்டிகள் இன்று அந்தப் பாடத்தின்மேல் நிற்கின்றன. 990 லிட்டர் தொட்டியில் தீப்பிடித்தால் யார் குழு போடுவார்கள்?

நெருப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் சட்டமும் அதைப் பற்றித்தான் பேசுகிறது. டீசலின் இன்னொரு கெட்ட குணம் மண்ணுக்குள் இறங்குவது. 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே ஒரு டீசல் தொட்டி முதல்முறை நிரப்பும்போதே பிளந்தது. நாற்பது வருஷப் பழைய தகடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய தொட்டி, முழுமையான தண்ணீர்ச் சோதனை செய்யவில்லை. தீப்பிடிக்கவே இல்லை. 38 லட்சம் கேலன் அலையாக எழுந்து தடுப்பைத் தாண்டியது, ஒரு பகுதி மொனோங்கஹீலா ஆற்றில் இறங்கி, கீழே உள்ள ஊர்களின் குடிநீரைக் கெடுத்தது. அடுத்த ஆண்டே பென்சில்வேனியா தரைமேல் தொட்டிகளுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் கேள்வி 'பற்றுமா?' என்பது மட்டுமல்ல, 'ஒழுகுமா?' என்பதும்.

நம் ஓசூர் கடினப் பாறைப் பூமி. விரிசல் வழியாகத்தான் தண்ணீர் போகும், அதே விரிசல்தான் போர்வெல்லுக்கும் வரும். தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையைக் கடந்து கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. ஜெனரேட்டர் கூண்டுக்கு அடியில் கறுத்துப்போன மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாதைதான் ஞாபகம் வரும். பெரிய தொட்டிக்குக் கட்டாயமான தடுப்புச் சுவர் நெருப்புக்காகச் சொல்லப்பட்டாலும் ஒழுகலையும் தாங்கும். 990க்கு அந்தச் சுவரும் இல்லை. கீழே ஒரு தட்டு வைப்பதோடு சரி, அதுவும் வைப்பவர் வைத்தால்.

அளவுக்கோடு என்ன செய்யும் என்பதை இந்த எல்லைப்பகுதி 2023இல் வேறு சரக்கில் பார்த்தது. ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீ, 14 பேருக்கு மேல் பலி, அதில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து தீபாவளி வேலைக்குப் போன பையன்களும் உண்டு. அங்கே கேள்வி லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் சரக்கு இருந்ததா என்பது. கேள்வி கேட்க ஒரு காகிதமாவது இருந்தது. அதை வைத்து வழக்குப் போடலாம், பொறுப்பைச் சுட்டலாம்.

டீசல் தொட்டிக்கு அந்தக் காகிதமும் கிடையாது. இந்தக் கட்டுரைக்காக நான் முதலில் எழுத நினைத்தது ஓசூர் சிப்காட்டில் 1980 முதல் இன்றுவரை தரைமேல் டீசல் கொள்ளளவு எப்படி வளர்ந்தது என்பதை. அதற்குத் தேவையான எண்கள் லைசென்ஸ் கோப்புகளில் இருக்கும் என்று நினைத்தேன். யோசித்தால் சிரிப்பு வருகிறது. லைசென்ஸ் வேண்டாத தொட்டிக்குக் கோப்பு எங்கேயிருந்து வரும்? டன் கணக்கில் எண்ணுகிற 1989ஆம் ஆண்டு அபாய ரசாயன விதிகளிலும் அது அகப்படாது. 990 லிட்டர் டீசல் ஒரு டன்கூட எடையில்லை, 820 கிலோ சொச்சம்தான். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிக் குவித்த தொட்டிகள் எத்தனை, எத்தனை பழைய இரும்புக்குப் போயின, எத்தனை கைமாறி இன்னும் வேறு பட்டறையில் நிற்கின்றன, எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மிச்சமிருக்கிற ஆவணம் தொட்டியின் மேலேயே பெயின்டில் எழுதியிருக்கிற அந்த மூன்று இலக்கம்தான். அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது அதுவும் இருக்குமோ என்னவோ.